சத்தம் வருகிறது, படம் வரவில்லை: பிரவுசரில் வீடியோ ஓடாதபோது எங்கே பார்ப்பது

போன மாதம் அக்கா ஐபோனில் எடுத்த காதுகுத்து வீடியோவை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினாள். என் போனில் அருமையாக ஓடியது. அதையே அப்பாவின் பழைய லேப்டாப்பில் குரோமுக்குள் இழுத்துப் போட்டால் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, திரை கருப்பு. "லேப்டாப் போச்சுப்பா" என்று அப்பா உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். லேப்டாப்புக்கும் ஒன்றுமில்லை, ஃபைலுக்கும் ஒன்றுமில்லை. அந்த ஃபைல் பேசிய மொழி அந்த லேப்டாப்புக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாதிரி நேரத்தில் பிரவுசர் காட்டும் செய்தியை நம்பிப் பயனில்லை. பத்து விதமான கோளாறுக்கும் "இந்த வீடியோவை இயக்க முடியவில்லை" என்ற ஒரே பல்லவிதான். அதனால் செய்தியை விட்டுவிட்டு, கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற அறிகுறியிலிருந்து தொடங்குவதே நல்லது. கீழே அப்படித்தான் பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில் ஃபைலுக்குள் எட்டிப் பாருங்கள்

எம்பி4, எம்கேவி, வெப்எம், மூவ் என்று ஃபைல் பெயரின் வாலில் இருப்பதைப் பலரும் கோடெக்கின் (படத்தையோ ஒலியையோ சுருக்கி எழுதி, பிறகு விரிக்கும் முறையின்) பெயர் என்றே நினைக்கிறார்கள். அது பாத்திரத்தின் பெயர். அடுக்குத் தூக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கில் படம், இன்னொன்றில் ஒலி, சில நேரம் மூன்றாவதில் சப்டைட்டில். தூக்கின் மூடியைப் பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. எம்பி4 என்ற தூக்கில் எச்.264 படமும் இருக்கலாம், எச்இவிசி என்கிற எச்.265 படமும் இருக்கலாம், ஏவி1-ம் இருக்கலாம். ஃபைலின் பெயரை மூவ் என்பதிலிருந்து எம்பி4 என்று மாற்றி எழுதினால் மூடியில் ஒட்டிய சீட்டு மட்டும்தான் மாறும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வீஎல்சி என்ற இலவச பிளேயர் போதும். ஃபைலைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதை அழுத்துங்கள். கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினாலும் வரும். மூன்று விஷயங்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: படத்தின் கோடெக், ஒலியின் கோடெக், டிகோடட் ஃபார்மட் என்ற வரியில் இருப்பது. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. பாதி மர்மம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்த கேள்வி, இந்தக் கோடெக்கைப் பிரித்துப் படமாக்கும் வேலையை உங்கள் கணினியில் யார் செய்கிறார்கள் என்பது. மூன்று பேர் இருக்கிறார்கள். பிரவுசர் தன்னோடு கொண்டுவரும் டிகோடர் ஒன்று. விண்டோஸ், மேக் போன்ற இயங்குதளம் வைத்திருப்பது இன்னொன்று. கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே செதுக்கிவைத்த சுற்று மூன்றாவது. எந்த பிரவுசர் எந்தக் கோடெக்குக்கு யாரைக் கேட்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஃபைல், ஒரே குரோம், இரண்டு லேப்டாப், இரண்டு விதமான நடத்தை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். வீஎல்சி எல்லாவற்றையும் ஓட்டுவதற்குக் காரணமும் இதில் இருக்கிறது: தேவையான டிகோடர் எல்லாவற்றையும் அது தன் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு வருகிறது, யாரிடமும் கை நீட்டுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த நிலையில் பலர் செய்வது, எங்கிருந்தோ ஒரு கோடெக் பேக்கை, அதாவது பல டிகோடர்களின் மூட்டையை, இறக்கி நிறுவுவது. டெஸ்க்டாப் பிளேயர்களுக்கு அது உதவிய காலம் ஒன்று உண்டு. குரோம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. ஃபயர்பாக்ஸ் விண்டோஸில் மீடியா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைக் கேட்கும், கோடெக் பேக்குகள் கொண்டுவரும் பழைய டைரக்ட்ஷோ வடிகட்டிகளைக் கேட்காது. பிரவுசர் கோளாறுக்குக் கோடெக் பேக் என்பது கால் வலிக்குக் கண்ணாடி மாற்றுவது போல.

அறிகுறி: சத்தம் வருகிறது, திரை கருப்பு

துண்டுச் சீட்டில் எச்இவிசி அல்லது எச்.265 என்று இருக்கும், பாருங்கள். பத்துக்கு எட்டு முறை இதுதான். ஒலி ஏஏசி என்ற பரவலான கோடெக்கில் இருப்பதால் பிரவுசர் அதை ஓட்டிவிடுகிறது. படத்தை மட்டும் சத்தமில்லாமல் கைவிட்டுவிடுகிறது. பிழைச் செய்தி கூட வராது.

2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7-ம் அதற்குப் பிந்தையவையும் வீடியோவை எச்இவிசி-யில்தான் எடுக்கின்றன. சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருக்கி எச்.264-ஆக மாற்றிவிடும், எங்கும் ஓடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அசல் ஃபைல் அப்படியே வரும். அக்கா நல்லெண்ணத்தில் செய்தது, அப்பாவின் லேப்டாப்பில் கருப்புத் திரையானது இப்படித்தான்.

எந்த பிரவுசரில் இது ஓடும்? சஃபாரி 2017-இலிருந்தே ஓட்டுகிறது. குரோம் 2022 இறுதியில், 107-ஆம் பதிப்பை ஒட்டி இதை ஏற்றது. ஆனால் கிராபிக்ஸ் சிப்பில் எச்இவிசி சுற்று இருந்தால் மட்டும். தன் கையில் சாஃப்ட்வேர் டிகோடர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எட்ஜ் விண்டோஸைக் கேட்கும்; மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற துணைச் செயலி இருக்க வேண்டும். அமெரிக்க ஸ்டோரில் அதன் விலை 99 சென்ட். ஃபயர்பாக்ஸ் 2025 ஜனவரியில் வந்த 134-ஆம் பதிப்பில்தான் விண்டோஸில் இதைத் திறந்தது, அதுவும் ஹார்டுவேர் உதவியோடு.

இன்டெல் சிப் என்றால் 6-ஆம் தலைமுறையிலிருந்து 8 பிட் எச்இவிசி-யும், 7-ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட்டும் ஹார்டுவேரில் பிரியும். பிட் கூடினால் நிறத்தின் நுணுக்கம் கூடும். இந்த 8, 10 வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், ஐபோன் 12 முதல் எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் நுணுக்கமாகக் காட்டும்) வீடியோ வந்துவிட்டது. அது 10 பிட். ஆக, 6-ஆம் தலைமுறை லேப்டாப் ஒன்றில் ஐபோன் 8-இன் வீடியோ ஓடும், ஐபோன் 13-இன் வீடியோ ஓடாது என்ற விசித்திரம் நடக்கும். டிகோடட் ஃபார்மட் வரியைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான். அதில் 10 பிட் என்று கண்ணில் பட்டால் விடை கிடைத்துவிட்டது.

தீர்வு இரண்டு பக்கமும் உண்டு. எடுப்பவர் பக்கம்: ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அதில் மோஸ்ட் கம்பாட்டிபிள். இனி எடுப்பவை எச்.264-இல் இருக்கும். 4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் போன்ற உயர்ந்த தேர்வுகள் அதோடு போய்விடும். காதுகுத்துக்கு அது தேவையில்லை. பார்ப்பவர் பக்கம்: ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைப் போட்டு எச்.264-ஆக மாற்றுங்கள். கட்டளை வரி பழக்கமிருந்தால், ஃபைலை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி. கட்டளைகளை இங்கே ஒலிப்படித் தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ உள்ளே.மூவ் -சி:வி லிப்எக்ஸ்264 -பிக்ஸ்_எஃப்எம்டி ஒய்யுவி420பி -சி:ஏ ஏஏசி -மூவ்ஃபிளாக்ஸ் +ஃபாஸ்ட்ஸ்டார்ட் வெளியே.எம்பி4

எச்டிஆர் வீடியோவை இப்படி நேரடியாக மாற்றினால் நிறம் வெளுத்துத் தெரியும். பட்டுப்புடவை சாயம் போனது போல வந்தால் பயப்பட வேண்டாம், அசல் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை போனில் ரெக்கார்ட் வீடியோ பகுதியில் எச்டிஆரை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

"இவ்வளவு பெரிய கம்பெனிகள், ஒரு டிகோடரைச் சேர்த்துவைக்க என்ன கஷ்டம்?" என்று கேட்கத் தோன்றும். கஷ்டம் காப்புரிமையில் இருக்கிறது. 2003-இல் வந்த எச்.264-க்கும் காப்புரிமைக் கட்டணம் உண்டு. ஆனால் அதை வசூலித்துவந்த எம்பெக் எல்ஏ, இணையத்தில் மக்கள் இலவசமாகப் பார்க்கும் வீடியோவுக்கு ராயல்டி கேட்கமாட்டோம் என்று 2010-இல் அறிவித்தது. 2011 ஜனவரியில் கூகுள் குரோமிலிருந்து எச்.264-ஐ எடுத்துவிடப் போவதாகச் சொன்னது, கடைசிவரை எடுக்கவில்லை. 2013-இல் சிஸ்கோ, ஓப்பன்எச்264 என்ற டிகோடரைத் தன் செலவில் உரிமம் கட்டி எல்லோருக்கும் தருவதாக முன்வந்தது; ஃபயர்பாக்ஸ் வீடியோ அழைப்புகளுக்காக அதை எடுத்துக்கொண்டது. இப்படி ஒருவழியாக எச்.264 ஊர்ப்பொதுவானது. எச்இவிசி-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காப்புரிமைகளைத் திரட்டிக் கட்டணம் வசூலிக்கும் கூட்டு ஒன்றுக்குப் பதில் மூன்று வந்து நின்றன. யாருக்கு எவ்வளவு என்பதே தலைவலி. சிப் வாங்கும்போதே கட்டணம் அடங்கிவிட்டது என்றால் அதைப் பயன்படுத்திக்கொள்கிறோம், நாங்களாகச் சேர்க்கமாட்டோம் என்று பிரவுசர்கள் ஒதுங்கிக்கொண்டதன் பின்னணி இதுதான். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 2015-இல் கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூட்டணி சேர்ந்து உருவாக்கியதுதான் 2018-இல் வெளியான ஏவி1. அது வேறு விதமான தலைவலி, கீழே வருகிறது.

அறிகுறி: படம் வருகிறது, சத்தம் இல்லை

டேபில் மியூட் சின்னம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் அரை மணி நேரம் தொலைத்திருக்கிறேன்.

அது இல்லையென்றால் சீட்டில் ஒலிக்கு எதிரே ஏசி-3, இ-ஏசி-3, டிடிஎஸ் இவற்றில் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் டால்பியுடையவை. டிவியிலும் ஹோம் தியேட்டரிலும் ஓடுவதற்காகத் தயாரான ஃபைல்களில் சகஜம். குரோமும் ஃபயர்பாக்ஸும் கணினியில் இவற்றைத் தொடுவதில்லை. ஏஏசி, எம்பி3, ஓபஸ் என்றால் கவலையில்லை.

இங்கே ஒரு நல்ல செய்தி. படத்தின் அடுக்கில் கை வைக்காமல் ஒலி அடுக்கை மட்டும் மாற்றலாம். இரண்டு மணி நேர ஃபைல்கூடச் சில நிமிடங்களில் முடிந்துவிடும், படத்தின் தரம் ஒரு துளியும் குறையாது:

எஃப்எஃப்எம்பெக் -ஐ உள்ளே.எம்கேவி -சி:வி காப்பி -சி:ஏ ஏஏசி வெளியே.எம்பி4

காப்பி என்ற சொல்லைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் படத்தையும் மறுபடி சமைக்கத் தொடங்கிவிடும், லேப்டாப் விசிறி இரவு முழுக்கச் சுற்றும்.

அறிகுறி: வீஎல்சியில் ஓடுகிறது, எந்த பிரவுசரிலும் ஓடவில்லை

பழைய ஃபைலா, புதிய ஃபைலா என்று பாருங்கள். பழையது என்றால் விடை எளிது. கல்யாண விசிடி எம்பெக்-1, டிவிடி எம்பெக்-2, அந்தக் காலத்து ஏவிஐ படங்கள் டிவ்எக்ஸ் அல்லது எக்ஸ்விட், பட்டன் போன்களின் 3ஜிபி பெரும்பாலும் எச்.263-ம் ஏஎம்ஆர் ஒலியும். இன்றைய பிரவுசர்களில் இவற்றுக்கு இடமில்லை, இனி வரப்போவதும் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். கல்யாண டிவிடி தேய்வதற்குள் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

புதிய ஃபைல், சீட்டில் எச்.264 என்றே இருக்கிறது, ஒலியும் ஏஏசி, இருந்தும் ஓடவில்லையா? இப்போது சீட்டின் மூன்றாவது வரிக்கு, டிகோடட் ஃபார்மட்டுக்கு, வாருங்கள். 4:2:0 என்று இருக்க வேண்டும். 4:4:4 அல்லது 4:2:2 என்று இருந்தால் அதுதான் குற்றவாளி. நம் கண் வெளிச்சத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் நிறத் தகவலைக் கால்வாசியாகக் குறைத்துச் சேமிப்பதுதான் 4:2:0. சாதாரண வீடியோ எல்லாம் இப்படித்தான். கணினித் திரையைப் பதிவு செய்யும்போதும், படங்களைக் கோர்த்து வீடியோ செய்யும்போதும் மூலம் ஆர்ஜிபி-யில் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுதாக) இருப்பதால், எஃப்எஃப்எம்பெக் நிறத்தைக் குறைக்காமல் 4:4:4-ஆக எழுதிவிடும். கிராபிக்ஸ் சிப்புகளின் எச்.264 சுற்றுகள் பொதுவாக 4:2:0-க்காகவே செய்யப்பட்டவை. குரோம் சில நேரம் சாஃப்ட்வேரில் சமாளித்துக் காட்டிவிடும். ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் மறுத்துவிடும். பாடம் நடத்தும் ஆசிரியர்கள் திரைப்பதிவைப் போட்டுவிட்டு "எனக்கு ஓடுகிறது, மாணவர்களுக்கு ஓடவில்லை" என்று தவிப்பதற்குப் பின்னால் இது இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே முதல் கட்டளையில் ஒய்யுவி420பி என்ற துண்டு இருக்கிறதே, அது இதற்கான மருந்து.

அனிமே ஆர்வலர்களுக்குத் தனியாக ஒரு வரி: எச்.264-லேயே 10 பிட் வகை ஒன்று உண்டு. அதற்கும் இதே கதி.

அறிகுறி: ஒரு பிரவுசரில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை

குரோமில் ஓடி ஃபயர்பாக்ஸில் ஓடாத எம்பி4 என்றால், விண்டோஸின் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பெயரின் கடைசியில் 'என்' (N) என்ற ஒற்றை ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா? 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன் வாரிசுதான் இந்த 'என்' பதிப்பு. மீடியா பிளேயரோடு சேர்த்து எச்.264, ஏஏசி டிகோடர்களும் அதில் இருக்காது. குரோம் தன்னுடையதை வைத்துச் சமாளித்துவிடும்; விண்டோஸை நம்பியிருக்கும் ஃபயர்பாக்ஸ் கைவிரித்துவிடும். ஐரோப்பாவில் வாங்கிய லேப்டாப்பிலோ, தெரியாமல் தவறான பதிப்பை நிறுவிய கணினியிலோ இது வரும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்து, கணினியை மறுபடி தொடக்கினால் சரியாகிவிடும்.

லினக்ஸில் அதே அறிகுறி என்றால் ஃபயர்பாக்ஸ் லிப்ஏவிகோடெக் என்ற நூலகத்தைத் தேடிக்கொண்டிருக்கும். கூகுளின் விபி9, ஏவி1 போன்ற கட்டணமில்லாக் கோடெக்குகளுக்கான டிகோடர் ஃபயர்பாக்ஸோடு வருகிறது, எச்.264-க்கு வருவதில்லை. ஃபெடோரா காப்புரிமைப் பயத்தில் மிகவும் எச்சரிக்கையான லினக்ஸ் விநியோகம். அதன் இயல்பான எஃப்எஃப்எம்பெக் பொதி கத்தரிக்கப்பட்டது. ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து முழுப் பொதியை நிறுவ வேண்டும். 2022-இல் ஃபெடோரா, கிராபிக்ஸ் டிரைவரிலிருந்த எச்.264, எச்.265 ஹார்டுவேர் உதவியையும் எடுத்துவிட்டது. முந்தைய நாள் வரை குளிர்ச்சியாக ஓடிய லேப்டாப்புகள் மறுநாள் சூடானதற்கு அதுவே காரணம். குரோமின் அடித்தளமான திறந்த மூல பிரவுசர் குரோமியமும் குரோமும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். குரோமியத்தை மூலநிரலிலிருந்து இயல்பான அமைப்பில் கட்டினால் எச்.264-ம் ஏஏசி-யும் அதில் இருக்காது.

சஃபாரியில் மட்டும் ஓடாத எச்இவிசி ஃபைல் ஒரு தனி ரகம். எம்பி4-க்குள் எச்இவிசி-யை இரண்டு பெயரில் பதியலாம்: எச்விசி1, எச்இவி1. உள்ளே இருக்கும் படம் ஒன்றேதான். ஆப்பிள் சாதனங்கள் முதல் பெயரை மட்டும்தான் ஏற்கும், எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எழுதுவது இரண்டாவது பெயர். மாற்றும்போது -டேக்:வி எச்விசி1 என்று சேர்த்தால் போதும். படத்தை மறுபடி சமைக்கத் தேவையில்லை, காப்பி செய்தபடியே பெயர்ப்பலகையை மாற்றலாம். ரேஷன் கார்டில் ஒரு எழுத்து மாறியதால் வரிசையிலிருந்து திருப்பி அனுப்புவார்களே, அந்த மாதிரி.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் விக்குகிறது, விசிறி அலறுகிறது

இங்கே கோடெக் தெரியும், கைதான் தளர்ந்துவிட்டது. சிப்பில் சுற்று இல்லாததால் பிராசசர் தன் முதுகில் சுமக்கிறது.

யூடியூப் என்றால் சரிபார்ப்பது சுலபம். வீடியோ மேல் வலது கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதை எடுங்கள். கோடெக்ஸ் என்ற வரியில் ஏவிசி1 என்றால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. பக்கத்திலேயே டிராப்டு ஃபிரேம்ஸ், அதாவது காட்ட முடியாமல் தவறவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். அது நிற்காமல் ஏறினால் சந்தேகம் உறுதி. இணைய வேகம் குறைவு என்றால் வட்டம் சுற்றும், இந்த எண் ஏறாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பிராட்பேண்ட் ஆளைக் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டாம்.

குரோமில் இன்னும் ஆழமாகப் பார்க்க எஃப்12 அழுத்தி, மோர் டூல்ஸ் பகுதியில் மீடியா பலகத்தைத் திறங்கள். எந்த டிகோடர் வேலை செய்கிறது, அது ஹார்டுவேரா இல்லையா என்று அங்கே பெயரோடு இருக்கும். டேவ்1டி என்று தெரிந்தால் ஏவி1-ஐ சாஃப்ட்வேரில் பிரிக்கிறது என்று பொருள். வீஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் ஆட்களின் கைவண்ணம் அது. சாஃப்ட்வேர் டிகோடரில் இவ்வளவு வேகத்தைக் கொண்டுவந்தது பெரிய சாதனைதான். அப்படியிருந்தும் பழைய இரட்டைக் கோர் பிராசசரில் 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் மூச்சு வாங்கும்.

யாரிடம் எந்தச் சுற்று இருக்கிறது? விபி9-க்கு இன்டெல் 7-ஆம் தலைமுறை முதல் முழு உதவி. ஏவி1-க்கு 2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறை, அதே ஆண்டின் என்விடியா 30 வரிசை முதல். ஆப்பிளில் ஐபோன் 15 ப்ரோவும் எம்3 சிப்பும் முதல். குரோம் 2018-இலும் ஃபயர்பாக்ஸ் 2019-இலும் ஏவி1-ஐ எல்லாக் கணினிக்கும் திறந்துவிட்டன. சஃபாரி 2023-இல், சிப்பில் சுற்று இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு திறந்தது. பேட்டரியை நினைத்தால் ஆப்பிளின் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழைய லேப்டாப்புக்கு என் யோசனை: எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போடுங்கள். எனக்கு விபி9, ஏவி1 தெரியாது என்று அது யூடியூபிடம் பொய் சொல்லும். யூடியூபும் நம்பி எச்.264-ஐ அனுப்பும். பத்து வருடப் பழைய சிப்பிலும் அதற்குச் சுற்று இருக்கும், விசிறி அடங்கிவிடும். ஒரே குறை, யூடியூப் எச்.264-ஐ 1080பி வரைதான் தருகிறது, 4கே கிடைக்காது. அந்த லேப்டாப்பின் திரைக்கு 4கே எதற்கு?

அறிகுறி: பச்சைத் திரை, கட்டம் கட்டமாகச் சிதறல்

கிராபிக்ஸ் டிரைவர். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்து, பிரவுசரை மூடித் திறங்கள். பச்சை போய்விட்டால் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு அதை மறுபடி இயக்கிவிடுங்கள். அணைத்தே வைத்திருந்தால் மேலே சொன்ன விசிறிப் பிரச்சினை வீட்டுக்கு வந்துவிடும்.

ஓடிடி தளத்தில் மட்டும் கருப்பு, மற்ற எல்லாம் சரி என்றால் இது கோடெக் விவகாரமே இல்லை. குரோமில் வைட்வைன், ஆப்பிளில் ஃபேர்பிளே போன்ற பூட்டுகளின் வேலை. திரையை ஸூமில் பகிர்ந்தாலோ, பழைய எச்டிஎம்ஐ மாற்றி வழியாக டிவியில் போட்டாலோ வேண்டுமென்றே கருப்பாக்கும்.

அறிகுறி: நானே என் தளத்தில் ஏற்றிய வீடியோ பிறருக்கு ஓடவில்லை

இதுவரை பார்ப்பவர் பக்கம். இனி வெளியிடுபவர் பக்கம்.

ஜாவாஸ்கிரிப்டில் கேன்பிளேடைப் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இந்த வகை வீடியோவை ஓட்டுவாயா என்று பிரவுசரைக் கேட்கலாம். அது சொல்லும் பதில்கள் மூன்று: வெற்றுச் சரம், மேபி, ப்ராபப்ளி. நிச்சயமாக என்ற பதிலே கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "வரப் பார்க்கிறோம்" என்பது மேபி, "அநேகமாக வந்துடுவோம்" என்பது ப்ராபப்ளி. வெறுமனே எம்பி4 என்று கேட்டால் தூக்கின் பெயரை மட்டும் வைத்து மேபி என்றுதான் சொல்ல முடியும். கோடெக்கின் முழுக் குறியீட்டையும் கொடுத்தால்தான் உருப்படியான பதில் வரும். உதாரணமாக ஏவிசி1.640028. ஏவிசி1 என்றால் எச்.264. மற்றவை பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண்கள்: 64 என்பது 100, அதாவது ஹை ப்ரொஃபைல்; கடைசி 28 என்பது 40, அதாவது லெவல் 4.0. புதிய பிரவுசர்களில் மீடியா கேப்பபிலிட்டீஸ் என்ற வசதி இன்னும் ஒரு படி மேலே போய், ஓடுமா, தடுமாறாமல் ஓடுமா, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து ஓடுமா என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும்.

பக்கத்தின் எச்டிஎம்எல்லில் ஒரே வீடியோவின் பல வடிவங்களுக்குச் சோர்ஸ் வரிகளை அடுக்கியிருந்தால், பிரவுசர் மேலிருந்து கீழே வரும்போது முதலில் முடிகிறதை எடுத்துக்கொள்ளும், சிறந்ததைத் தேடாது. அதனால் ஏவி1 மேலே, எச்.264 கடைசியில். ஒவ்வொன்றுக்கும் கோடெக் குறியீட்டைத் தவறாமல் எழுதுங்கள். எழுதாமல் எச்இவிசி-யை மேலே வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? மேபி என்று சொல்லி ஃபைலைத் திறக்கும், ஏஏசி ஒலி கிடைக்கும், பிழை எதுவும் எழாது, கீழே காத்திருக்கும் எச்.264-க்கு இறங்கவே இறங்காது. சத்தம் வருகிறது, திரை கருப்பு. அப்பாவின் லேப்டாப் கதை அப்படியே உங்கள் வாசகர் வீட்டிலும்.

மூவ் ஃபைலுக்கு வீடியோ/குவிக்டைம் என்று வகை எழுதினாலும் வம்புதான். உள்ளே எச்.264 இருந்தாலும் குரோம் அந்த வரியைப் படித்ததுமே தாண்டிவிடும். எம்பி4 தூக்குக்கு மாற்றிவிடுங்கள், காப்பி போதும்.

வீடியோ ஓடத் தொடங்கவே ரொம்ப நேரம் எடுக்கிறதா? எம்பி4-இன் பொருளடக்கப் பெட்டி ஃபைலின் கடைசியில் இருக்கும். எழுதி முடித்த பிறகுதான் எது எங்கே என்று தெரியும், அதனால் இயல்பாகவே கடைசிக்குப் போய்விடுகிறது. முதல் கட்டளையில் இருந்த ஃபாஸ்ட்ஸ்டார்ட் அதை முன்னுக்குக் கொண்டுவரும். ஹேண்ட்பிரேக்கில் வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தை டிக் செய்தால் அதே வேலை.

கடைசியாக ஒன்று. குரோமில் ஓடுகிறது, ஆனால் நடுவில் கிளிக் செய்தால் மறுபடி ஆரம்பத்துக்கே போகிறது; ஐபோனில் அசையவே மாட்டேன் என்கிறது. ஃபைலை மாற்றி மாற்றிச் சமைத்துப் பார்த்து ஒரு முழுச் சாயங்காலம் போன பிறகு கண்டுபிடித்தேன், ஃபைலில் தவறே இல்லை. ஐபோன் முதலில் ஃபைலின் முதல் இரண்டு பைட்டை மட்டும் கேட்டுப் பார்க்கும். சர்வர் 206 என்ற எண்ணோடு அந்தத் துண்டை மட்டும் கொடுக்க வேண்டும். கேட்டது இரண்டு பைட், கொடுத்தது 200 என்ற எண்ணோடு முழு ஃபைல் என்றால், இந்தக் கடை சரிப்படாது என்று சஃபாரி கிளம்பிவிடும். நான் சோதனைக்கு ஓட்டிக்கொண்டிருந்தது பைத்தானோடு வரும் எளிய சர்வர். துண்டு கேட்டால் அதற்குப் புரியாது. எஞ்சின்எக்ஸ் என்ற முழு சர்வரில் வைத்ததும், அதே ஃபைல், ஒரு பைட்டும் மாறாமல், ஐபோனில் ஓடியது.